கமிரீத்துவின் திறந்தவெளி அரங்கு பிறந்த கதை

1976-இல் ஒருநாள் காலை, கென்யாவின் கமிரீத்து கிராமத்துப் பெண் ஒருவர் எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் வீடு தேடி வந்தார். வந்தவர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. இத்தனை படித்திருக்கிறீர்களே, புத்தகம் எழுதுகிறீர்களே, அதில் ஊருக்கென்று ஒரு சிறு பங்கு கிடையாதா என்று கேட்டார். ஊரில் பாழடைந்து கிடக்கும் இளைஞர் மையத்துக்கு உயிர் கொடுக்க ஆள் வேண்டும், நீங்கள் வர வேண்டும் என்றார். கூகி பிடி கொடுக்கவில்லை. அடுத்த வாரமும் அந்தப் பெண் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அவர் வருவது நிற்காது என்று தெரிந்த பிறகுதான் கூகி இறங்கி வந்தார்.

அப்போது கூகி நைரோபிப் பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறைத் தலைவர். 1964-க்கும் 1967-க்கும் இடையில் வெளிவந்த மூன்று நாவல்கள் அவரை ஆப்பிரிக்காவின் முக்கியமான எழுத்தாளர்களில் ஒருவராக்கியிருந்தன. மூன்றும் ஆங்கிலத்தில் எழுதியவை. அந்த நாவல்களில் வருகிற மனிதர்கள் லிமுரு வட்டாரத்து உழவர்கள், தேயிலை பறிப்பவர்கள், தச்சர்கள், காட்டுக்குள் போய்ப் போராடியவர்கள். அவர்களில் பெரும்பாலோரால் அந்தப் புத்தகங்களைப் படிக்க முடியாது. இந்த உறுத்தல் அவருக்குள் ஏற்கெனவே இருந்தது. வாசலில் வந்து நின்ற பெண் அதற்குக் குரல் கொடுத்தார்.

கமிரீத்து, நைரோபியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் லிமுரு நகரை ஒட்டி இருக்கிறது. யாரும் ஆசைப்பட்டுக் குடியேறிய ஊர் அல்ல அது. 1952 அக்டோபரில் கென்யாவில் பிரிட்டிஷ் அரசு அவசரநிலையை அறிவித்தது. அந்த ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்த மாவ் மாவ் போராளிகளுக்குச் சோறும் செய்தியும் கிடைக்காமல் செய்ய, சிதறிக் கிடந்த கிக்கூயு மக்களின் வீடுகளை இடித்து, அவர்களை ஓரிடத்தில் காவலுக்குள் குடிவைத்தது. அப்படி உண்டாக்கப்பட்ட ஊர்களில் ஒன்று கமிரீத்து. கூகி அப்போது உறைவிடப் பள்ளி மாணவர். 1955-இல் விடுமுறைக்கு வந்தவர் தன் வீடு இருந்த இடத்தில் வீட்டைக் காணவில்லை. சொந்த பந்தங்களைத் தேடிப் போய்ச் சேர்ந்த இடம்தான் கமிரீத்து. அண்ணன் ஒருவர் காட்டுக்குள் போய்ப் போராளிகளோடு சேர்ந்திருந்தார். காது கேளாத இன்னொரு சகோதரர், நில் என்று சிப்பாய் சொன்னது கேட்காமல் ஓடியதால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1963-இல் சுதந்திரம் வந்தது. அவசரநிலைக் காலத்துக் குடிசைகள் நிலையான ஊராகிவிட்டன. ஆனால் பறிபோன நிலம் திரும்பவில்லை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், லிமுருவில் பாட்டா செருப்புத் தொழிற்சாலை. கமிரீத்து மக்கள் அங்கேதான் கூலிக்குப் போனார்கள். வேலை கிடைக்காத இளைஞர்கள் ஊருக்குள் சுற்றினார்கள். ஊர் இளைஞர்களுக்கென்று ஒதுக்கிய நான்கு ஏக்கர் நிலத்தில் ஒரு மண்சுவர்க் கொட்டகை இடிந்து கிடந்தது. அந்தப் பெண் சொன்ன இளைஞர் மையம் அதுதான்.

நாடகம் என்பது அன்றைய கென்யாவில் எங்கே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நைரோபியிலுள்ள தேசிய அரங்கம் 1952-இல், அவசரநிலை பிறந்த அதே ஆண்டில், வெள்ளையர் ஆட்சியில் திறக்கப்பட்டது. சுதந்திரம் கிடைத்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அங்கே ஐரோப்பிய நாடகக் குழுக்களின் கைதான் ஓங்கியிருந்தது. 1976 அக்டோபரில், கூகியும் மிசெரே கிதாய் முகோவும் சேர்ந்து மாவ் மாவ் தலைவர் டெடான் கிமாத்தியைப் பற்றி எழுதிய நாடகத்துக்கு அங்கே சில நாள்கள் மட்டுமே ஒதுக்கினார்கள். ஐரோப்பியக் குழுக்களின் நிகழ்ச்சிகளுக்கு முன்பே இடம் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். நாடகம் முடிந்ததும் பார்வையாளர்கள் நடிகர்களோடு சேர்ந்து ஆடியபடியே தெருவுக்கு வந்தார்கள். மக்களுக்கு நாடகப் பசி இருந்தது. அதற்கு அரங்கத்தில் இடமில்லை.

வேறொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. 1974 முதல் நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகப் போய் இலவசமாக நாடகம் போட்டார்கள். நல்ல நோக்கம்தான். என்றாலும் நகரத்தில் எழுதி, நகரத்தில் ஒத்திகை பார்த்து, முடிந்த பண்டமாக ஊரில் கொண்டுபோய் இறக்கும் நாடகம் அது. வண்டி கிளம்பியதும் ஊர் பழையபடியே இருக்கும். கமிரீத்துவில் நடந்தது இதற்கு நேர்மாறான காரியம். அந்த வேறுபாட்டுக்காகவே இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கே முதலில் வந்தது எழுத்துப் பயிற்சி. நாடகம் பிறகுதான். முதியோர் கல்வியில் தேர்ந்தவரும் அதே பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவருமான கூகி வா மிரீ கல்விக் குழுவுக்குத் தலைவரானார். கூகி வா தியாங்கோ பண்பாட்டுக் குழுவுக்குத் தலைவர். 1976-இன் நடுவில் வகுப்புகள் தொடங்கின. பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் வழியில், எழுத்தோடு சேர்த்து வாழ்க்கையையும் பேசுகிற வகுப்புகள் அவை. கூலி ஏன் இவ்வளவு, நிலம் யாரிடம் இருக்கிறது, எப்படிப் போனது என்றெல்லாம் பேசிப் பேசித்தான் எழுத்துக் கற்றார்கள். பேச்சும் எழுத்தும் கிக்கூயு மொழியில். எழுதப் பழகியதும் பலர் தங்கள் வாழ்க்கையையே எழுதினார்கள். வேலை செய்த தோட்டம், வாங்கிய கூலி, இழந்த நிலம்.

மையத்தை நடத்தப் பணம் வேண்டும், ஊரைச் சேர்த்து வைக்க ஒரு காரியமும் வேண்டும் என்று யோசித்தபோது நாடகம் என்ற எண்ணம் வந்தது. 1976 டிசம்பரில், எழுதித் தரும் பொறுப்பை இரண்டு கூகிகளிடமும் ஊர் ஒப்படைத்தது. என்ன மொழியில் எழுதுவது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. பதினேழு ஆண்டுகள் ஆங்கிலத்தில் எழுதிய ஒருவர் கிக்கூயுவுக்குத் திரும்பியது மேடையில் முழங்கி எடுத்த முடிவால் அல்ல. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களோடு சேர்ந்து நாடகம் செய்ய வேறு வழி இல்லை.

1977 ஏப்ரலில் பிரதி தயாரானது. அதை ஊரார் முன் படித்துக் காட்டினார்கள். அங்கேதான் உண்மையான எழுத்து தொடங்கியது.

முதலில் மாட்டிக்கொண்டது ஆசிரியர்களின் மொழி. வயதான பாத்திரம் ஒன்று இளவட்டம் மாதிரிப் பேசுகிறது என்று கிழவர்கள் நிறுத்தினார்கள். அந்த வயதுக்காரர் அந்த இடத்தில் எந்தப் பழமொழியை எடுப்பார், எதை வாயால் சொல்ல மாட்டார் என்று பாடம் எடுத்தார்கள். பல்கலைக்கழகத் துறைத் தலைவர் தாய்மொழியில் மாணவராக உட்கார்ந்தார். இதை கூகி பிற்காலத்தில் கூச்சமில்லாமல், நன்றியோடு எழுதியிருக்கிறார்.

அடுத்து வந்தது உள்ளடக்கம். தொழிற்சாலைக் காட்சிகளை பாட்டாவிலும் மற்ற ஆலைகளிலும் வேலை செய்தவர்கள் விடவில்லை. எத்தனை ஜோடி செருப்பு ஒரு நாளில் வெளியே போகிறது, அதற்குத் தங்களுக்குக் கிடைப்பது என்ன, மிச்சம் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு வசனமாக உள்ளே போனது. மாவ் மாவ் காலத்தில் காட்டில் துப்பாக்கி செய்தவர்கள் ஊரில் இருந்தார்கள். குழாயையும் கட்டையையும் வைத்து எப்படிச் செய்தோம் என்று அவர்கள் சொன்னார்கள், செய்தும் காட்டினார்கள். போராட்ட வரலாறு மேடைக்கு வந்தபோது, அதை வாழ்ந்தவர்களே ஒவ்வொரு அசைவையும் சரிபார்த்தார்கள். ஏட்டில் படித்து எழுதிய எந்த ஆசிரியருக்கும் இந்தப் பரிசோதகர்கள் கிடைக்க மாட்டார்கள்.

பாட்டும் ஆட்டமும் தனி அத்தியாயம். திருமணச் சடங்கில் இரண்டு தரப்பாகப் பிரிந்து கேள்வியும் பதிலுமாகப் பாடும் கீட்டீரோ என்ற வடிவம் கிக்கூயு மக்களிடம் உண்டு. நாடகத்தில் திருமணக் காட்சி வருகிறது. கீட்டீரோவை முழுதாக அறிந்தவர் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி. அவர் பாடிக் காட்டினார், அடியெடுத்துக் கொடுத்தார், ஆடவும் சொல்லிக் கொடுத்தார். ஆசிரியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். அந்தக் காட்சிக்கு ஆசிரியர் யார் என்று கேட்டால் நான் அந்த மூதாட்டியைத்தான் சொல்வேன்.

இதே மாதங்களில் அரங்கமும் எழுந்தது. நான்கு ஏக்கர் வெறும் நிலத்தில் என்ன கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று ஊர் இளைஞர்களும் தொழிலாளர்களும் கூடி யோசித்தார்கள். கட்டடக் கலைஞர் யாரும் வரவில்லை. தீக்குச்சிகளைத் தரையில் அடுக்கி மேடை இங்கே, பார்வையாளர் அங்கே என்று வடிவம் பார்த்தார்கள். பிறகு சிறிய மாதிரி ஒன்று செய்தார்கள். பிறகு மரம் வெட்டிக் கொண்டுவந்து, மூங்கில் கட்டி, மண் சுமந்து கட்டி முடித்தார்கள். 2,000 பேருக்கு மேல் உட்காரலாம். மேலே வானம். கென்யாவில் கிராமத்து மக்கள் தங்கள் கையால் கட்டிய அந்த அளவு அரங்கம் அதற்கு முன் இருந்ததில்லை.

ஒத்திகை ஜூன் மாதம் தொடங்கியது. இயக்குநர், பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிமானி கெச்சாவ். கதவு சாத்தி ஒத்திகை பார்க்கும் பழக்கத்தை அவர்கள் முதல் நாளே விட்டுவிட்டார்கள். சாத்துவதற்குக் கதவும் இல்லை. சனி, ஞாயிறு பிற்பகல்களில் திறந்தவெளியில் நடிகர்கள் நிற்பார்கள், சுற்றி ஊர் நிற்கும். நடிகரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஊருக்குக் குரல் உண்டு. கூலி வாங்கப் போகிறவன் முதலாளி முன் அப்படியா நிற்பான் என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். ஒருவர் எழுந்து வந்து நின்று காட்டுவார். கீழே பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்த நடிகர்கள் வாரங்கள் போகப் போக நிமிர்ந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் முழு நாடகமும் மனப்பாடமானது. இன்றைக்கு ஊர்க்கதைகளை நாடகமாக்கப் போகிற நண்பர்கள் கமிரீத்துவிடம் எடுத்துக்கொள்ள ஒன்றே ஒன்றைச் சொல் என்றால், இந்தத் திறந்த ஒத்திகையைச் சொல்வேன். கதையை மட்டும் வாங்கிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பி, எழுதி முடித்து எடுத்துவந்தால் ஊர் கைதட்டும். பிழையை மட்டும் சொல்லாது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. கமிரீத்து குடிக்கும் சண்டைக்கும் பெயர்போன ஊர். ஒத்திகை நடந்த மாதங்களில் குடிச்சண்டை நின்றுபோனது என்று கூகி எழுதியிருக்கிறார். குடிக்காதே என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. மாலையில் போக ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் இருந்தன.

நாடகத்தின் பெயர் 'ந்காஹிகா ந்தேண்டா'. நான் விரும்பும்போது மணம் செய்துகொள்வேன் என்று பொருள். கதைநாயகன் கிகூண்டா ஒரு தோட்டத் தொழிலாளி. அவனிடம் இருப்பது ஒன்றரை ஏக்கர் நிலம். அதன் பட்டாவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். முதலாளி அஹாப் கியோயி பணக்காரன், பக்திமான். நீயும் உன் மனைவியும் தேவாலயத்தில் முறைப்படி திருமணம் செய்துகொள்ளாமல் பாவத்தில் வாழ்கிறீர்கள் என்று நெருக்குகிறான். திருமணச் செலவுக்குப் பட்டாவை அடகு வைத்து வங்கியில் கடன் வாங்குகிறான் கிகூண்டா. மகள் கதோனியை முதலாளியின் மகன் ஏமாற்றிக் கைவிடுகிறான். நியாயம் கேட்டதற்கு வேலை போகிறது. கடன் கட்ட முடியாமல் நிலம் ஏலத்துக்கு வருகிறது. எடுப்பவன் கியோயி. வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே பூச்சிமருந்து ஆலை கட்டப் போகிறான். இதில் கற்பனை என்று ஒதுக்க அந்த ஊரில் யாருக்கும் எதுவும் இல்லை. சுவரில் மாட்டிய பட்டாவை மேடையில் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

1977 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். மாவ் மாவ் போராட்டத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு அது. அதன் பிறகு ஒவ்வொரு சனி, ஞாயிறும் கூட்டம் பெருகியது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து வந்தார்கள். ஒரு நாள் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நடிகர்கள் நிறுத்தினார்கள், மழை விட்டதும் தொடர்ந்தார்கள், மறுபடியும் நிறுத்தினார்கள். திறந்தவெளியில் உட்கார்ந்திருந்த கூட்டம் கலையவில்லை. ஊருக்குள் பிள்ளைகள் வசனம் பேசிக்கொண்டு திரிந்தன. கியோயி என்பது லிமுரு வட்டாரத்தில் வசைச்சொல் போலப் புழங்கத் தொடங்கியது.

நவம்பர் 16 அன்று மாவட்ட நிர்வாகம் உரிமத்தைத் திரும்பப் பெற்றது. நாடகம் ஆறு வாரங்களில் நின்றது. டிசம்பர் 30-ஆம் தேதி இரவு போலீஸ் கூகியின் வீட்டுக்கு வந்தது. நூலகத்தைச் சோதித்து, புத்தகங்களையும் அவரையும் எடுத்துப்போனது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. காவலில் வைக்கும் ஆணையில் கையெழுத்திட்டவர் அன்றைய துணைக் குடியரசுத் தலைவரும் உள்துறை அமைச்சருமான டேனியல் அராப் மோய்.

இங்கே ஒரு தேதியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதே 1977 ஜூலையில் கூகியின் பெரிய ஆங்கில நாவலான 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' நைரோபியில் வெளியானது. சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆட்சியாளர்களை அது நாடகத்தை விடக் கடுமையாகவே சாடுகிறது. வெளியீட்டு விழாவுக்கு வந்து சிறப்பித்தவர் நிதி அமைச்சர் ம்வாய் கிபாக்கி. அந்த நாவலுக்காக யாரும் கைதாகவில்லை. அதே கோபத்தைக் கமிரீத்து மக்கள் தங்கள் மொழியில், தங்கள் கணக்குகளோடு, தாங்கள் கட்டிய மேடையில் பேசியபோது அரசு பொறுக்கவில்லை. கூகி என்ற தனி மனிதருக்காக மட்டும் என்றால் அவரை அடைத்ததோடு விட்டிருப்பார்கள். பிறகு நடந்ததைப் பார்க்கும்போது அந்த அரங்கத்தையே அவர்கள் பகையாகக் கண்டது தெரிகிறது.

கமிட்டி சிறையில் கூகிக்கு K6,77 என்று எண் கொடுத்தார்கள். அங்கே கழிப்பறைக் காகிதத்தில் அவர் எழுதியதுதான் அவருடைய முதல் கிக்கூயு நாவல். தமிழில் அது 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் வந்து நம்மிடம் நல்ல வாசகர்களைப் பெற்றது. அந்த நாவலைப் படித்தவர்கள் அதிலுள்ள பேச்சின் வேகத்தையும் கூட்டத்தின் குரலையும் மறந்திருக்க மாட்டார்கள். கமிரீத்துவின் ஒத்திகைகளில் காது பழக்கிக்கொண்டவர் எழுதிய நாவல் அது. அதற்குப் பிறகு அவர் நாவலுக்கு ஆங்கிலத்தை எடுக்கவே இல்லை.

1978 டிசம்பர் 12 அன்று விடுதலையானார். பல்கலைக்கழகம் வேலையைத் திருப்பித் தரவில்லை. கமிரீத்து மக்கள் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர நினைத்தார்கள். அடுத்த நாடகம் 'மைத்து ந்ஜுகிரா', அம்மா எனக்காகப் பாடு என்று பொருள். 1930-களில் காலனி அரசு ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் கழுத்தில் அடையாளச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டுத் திரியவைத்த காலத்தைப் பற்றியது. கென்யாவின் பல இனங்களின் பாட்டுகள் அதில் சேர்ந்தன. 1982 பிப்ரவரியில் நைரோபி தேசிய அரங்கத்தில் போட ஏற்பாடு செய்திருந்தார்கள். போனபோது கதவு பூட்டியிருந்தது, போலீஸ் நின்றது. குழு பல்கலைக்கழக அரங்குக்குப் போய் ஒத்திகையைத் தொடர்ந்தது. ஒத்திகைக்குத்தான் கதவு கிடையாதே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். பிறகு அதையும் நிறுத்தினார்கள்.

மார்ச் 11 அன்று கமிரீத்து மையத்தின் பதிவையே அரசு ரத்து செய்தது. மறுநாள் மூன்று லாரிகளில் ஆயுதப் போலீஸ் ஊருக்கு வந்து அரங்கத்தைத் தரைமட்டமாக்கியது. தீக்குச்சி அடுக்கி வரைந்த மேடையை அழிக்க ஒரு நாள் போதுமாயிருந்தது. கிராமங்களில் நாடக நடவடிக்கைகளுக்கே தடை வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் இருந்த கூகிக்கு, ஊர் திரும்பினால் கைதாவீர்கள் என்று செய்தி போனது. அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் கென்யா திரும்பவில்லை. கூகி வா மிரீயும் கிமானி கெச்சாவும் ஜிம்பாப்வே போனார்கள். கமிரீத்துவில் கற்றதை அங்கே சமூக நாடக வேலையில் தொடர்ந்தார்கள். மிரீ 2008-இல் காலமானார். கூகி 2025 மே 28 அன்று அமெரிக்காவில் காலமானார்.

1982-இல் கதவைப் பூட்டிய நைரோபி தேசிய அரங்கில் 2022 மே மாதம் 'ந்காஹிகா ந்தேண்டா' கிக்கூயுவிலும் ஆங்கிலத்திலும் மேடையேறியது. கமிரீத்துவில் அரங்கம் இருந்த நிலத்தில் இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அரங்கம் திரும்பக் கட்டப்படவில்லை.